தூக்கினதை இறக்கணும்

போன வாரம் அத்தானை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தலையில் கைவைத்து உட்கார்ந்த கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். எத்தனை பேர் திட்டி எழுதியிருக்கிறீர்கள்! "ஒரு மனுஷனை இப்படியா நடுரோட்டில் விடுவது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் என்ன செய்ய? மாட்டிக்கொண்டது அவர், எழுதியது மட்டும்தான் நான்.

இந்த வாரம்தான் முதன்முதலாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொக்லைன், புல்டோசர், ரோடு ரோலர் என்று தன் சக்கரத்தில் வெகுதூரம் போக முடியாத இயந்திரங்களைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றிக் கேட்ட இடத்தில் இறக்குவது அத்தான் குடும்பத்தின் தொழில். ஆபீசும் பேரம் பேசுவதும் அக்கா. ஸ்டியரிங் அக்காவின் புருஷன். இயந்திரத்தை ஏற்றிச் சங்கிலி போட்டு இறுக்குவது அக்காவின் தம்பி. ஷெட்டில் எல்லோருக்கும் அவர்கள் அக்கா, அத்தான், தம்பிதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

கேட்டில் நடந்தது இதுதான். தண்டவாளம் மேட்டில் இருக்கிறது. ரோடு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. முன் சக்கரங்கள் தாண்டிவிட்டன, பின் சக்கரங்கள் இன்னும் வரவில்லை, நடுவில் டிரெய்லரின் வயிறு தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. கேட் கீப்பர் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. டிரெய்லருக்கு மட்டும் முதுகு வளைந்து போனது.

அன்றைக்கு வண்டிச் சாவியை ஆணியில் மாட்டியவர்தான் அத்தான். அதன் பிறகு அதைத் தொடவில்லை. ஷெட்டுக்கு நடந்து வருகிறார், நடந்து போகிறார். டீக்கடையில் அவருக்கு "தராசு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு நின்றாரல்லவா, அதற்காக. இருபது வருஷம் ஒழுங்காக ஓட்டியதற்கு ஒரு பெயரும் வைக்காத ஊர், ஒருநாள் மாட்டிக்கொண்டதற்கு வைத்துவிட்டது.

பழைய டிரெய்லர் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இன்றைக்குப் புதியது பார்க்கப் போகிறார்கள்.

"என்னங்க, சட்டையை மாத்துங்க. நேரமாச்சு" என்றாள் அக்கா.

அத்தான் சாப்பிட்டு முடித்த தட்டில் இல்லாத எதையோ விரலால் பொறுக்கிக்கொண்டிருந்தார். "நீயும் உன் தம்பியும் போங்க. ஓட்டப் போறவன் வந்து பார்க்கட்டும்."

"ஓட்டப் போறவர் யாரு?"

"யாரையாவது போடு. உதிரிபாகக் கடையில ஆள் கேட்டிருக்காங்க. உட்கார்ந்த இடத்துல வேலை. சாயங்காலம் வந்து பேசுறேன்னு சொல்லிட்டேன்."

அக்கா அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். அவளிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. குவாரி முதலாளி ஒரு பெரிய வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைக்காலம் முடியும் வரை தினமும் ஒரு நடை. ஆனால் ஒரு நிபந்தனை. "வண்டியும் புதுசா இருக்கணும், டிரைவரும் புதுசா இருக்கணும். உங்க வீட்டுக்காரர் வேண்டாம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று நேற்று போனில் சொன்னார். அக்கா அதற்கு "ம்" என்று சொல்லி வைத்திருந்தாள். இன்று சாயங்காலம் டிரைவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்த "ம்" சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேறு ஆளைப் போட்டால் வேலை கிடைக்கும். ஆனால் இந்த மனுஷன் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தால் அதற்கப்புறம் எழுந்திருக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

"சாயங்காலம்தானே? அதுவரைக்கும் சும்மாதானே இருப்பீங்க" என்றாள். "வந்து மூணாவது ஆளா உட்காருங்க. எனக்குத் துணைக்கு."

துணைக்கு என்று சொன்னால் அத்தான் மறுக்க மாட்டார். சட்டையை மாற்றினார்.

டிரெய்லர் விற்கிறவரைத் தொழிலில் "சர்க்கரை" என்பார்கள். அவர் பேச்சில் ஈ மொய்க்கும். மூவரையும் பார்த்ததும் கையிரண்டையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வா தங்கச்சி, வா! உனக்காகவே மூணு வண்டி நிறுத்தி வச்சிருக்கேன். இது இருக்கே, இது டிரெய்லர் இல்ல, தொட்டில்!"

"தொட்டில்ல தூங்கவா போறோம்? மேட்டைத் தாண்டுமா, அதைச் சொல்லுங்க."

"அடிச்சுச் சொல்றேன், தாண்டும்."

"அப்ப வயித்தைக் காட்டுங்க" என்று தம்பி அதற்குள் தரையில் குப்புறப் படுத்துவிட்டான். டிரெய்லரின் தளத்துக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டு அளந்தான். அவனுக்கு எல்லாமே விரல் கணக்குதான், டேப் பக்கத்திலேயே இருந்தாலும் எடுக்க மாட்டான். "ஒரு சாணும் ரெண்டு விரலும். அக்கா, இது நம்ம பழசோட கூடப்பிறந்த அண்ணன். உயரம் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. வேணாம்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. முதல் வண்டி அதோடு கழிந்தது.

இவர்கள் தேடுவது இதைத்தான். பாலத்துக்கு அடியில் போகும்போது வண்டி குனிய வேண்டும். மேடு ஏறும்போது எழுந்து நிற்க வேண்டும். பழைய டிரெய்லருக்குக் குனிந்தே இருக்க மட்டும்தான் தெரியும். அதனால்தான் கேட்டில் அந்தக் கதி.

மிச்சமிருந்த இரண்டுக்கும் எழுந்து நிற்கத் தெரியும். அச்சுகளுக்கு மேல் காற்றுப்பை, முன்னால் லாரியோடு சேரும் கழுத்தில் தூக்கிவிடும் ஜாக்கி. இரண்டும் சேர்ந்து தளத்தை ஒரு சாண் வரைக்கும் ஏற்றி இறக்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். ஒன்றில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தலாம். மற்றதில் இறங்கி வந்து, கழுத்துப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி ஏற்றி, அந்த உயரத்திலேயே நிற்கும்படி மேல், நடு, கீழ்த் துளைகளில் ஒன்றில் ஒரு இரும்பு முளையைச் செருக வேண்டும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பொத்தான்தான்" என்றான் தம்பி. கண் ஜொலித்தது.

அக்கா யோசித்தாள். "காத்துப்பை ஒண்ணு வெடிச்சா?"

"வெடிக்காது தங்கச்சி."

"வெடிச்சா என்ன பண்றதுன்னு கேட்டேன்."

சர்க்கரை ஒரு நொடி சர்க்கரையாக இல்லை. "அதை மட்டும் அடைச்சுட்டு மத்ததுல மெதுவா ஓரம் கட்டலாம். அதுக்குத் தனித்தனி வால்வு இருக்கு."

"சரி. காலியா நிக்கிற வண்டி எல்லாம் ஜோராத்தான் நிக்கும். எங்க பொக்லைனை ஏத்திக் காட்டுங்க."

"ஏத்தாமலா? உன் வண்டியிலயே மாட்டி ஓட்டிப் பாரு!"

அத்தான் இவ்வளவு நேரமும் வேலி ஓரம் நின்று, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான் டிரெய்லரைத் தங்கள் இழுவை லாரியில் மாட்டி, ஷெட்டுக்குக் கொண்டுபோய், பொக்லைனை ஏற்றிக் கட்டுகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. சங்கிலியை மட்டும் ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்தார். கை சும்மா இருக்குமா?

தம்பி ஸ்டியரிங்கில் ஏறினான். நடுவில் அக்கா. ஓரத்தில் அத்தான். சர்க்கரை ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

முதலில் வாய்க்கால் பாலம். பார்க்க அழகாக வளைந்திருக்கும். தாழ்வான டிரெய்லர்காரர்களுக்கு மட்டும் அந்த அழகு பிடிக்காது. பழைய டிரெய்லரில் இந்தப் பக்கம் வந்ததே இல்லை, ஊரைச் சுற்றித்தான் போவார்கள்.

"அக்கா, பாத்துக்கோ. ஒரே ஒரு பொத்தான்" என்று தம்பி அழுத்தினான்.

உஸ்ஸென்று பைகளில் காற்று ஏறும் சத்தம். பின்னால் பொக்லைன், படுத்திருந்த மாடு எழுந்திருப்பது போல மெல்ல எழுந்தது. லாரி பாலத்தில் ஏறியது. அத்தான் கதவுப் பிடியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் காதில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் இப்போதே கேட்க ஆரம்பித்திருக்கும். அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 

உச்சி வந்தது. உச்சி போனது. எந்தச் சத்தமும் வரவில்லை.

"தாண்டிட்டோமா?" என்றாள் அக்கா.

"தாண்டிட்டோம்க்கா! வெண்ணெய் மாதிரி தாண்டிட்டோம்!"

தம்பி ஹாரனை அடித்தான். பின்னால் ஸ்கூட்டரும் பதிலுக்கு அடித்தது. அக்கா அழுகையும் சிரிப்புமாக முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பாழாய்ப்போன மேட்டுக்காக எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்திருப்பாள்! அத்தான்கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. தம்பி பொத்தானின் பெருமையைப் பாட ஆரம்பித்தான். பாடிக்கொண்டே வளைவில் திரும்பினான்.

வளைவுக்கு அப்பால் இரும்புப் பாலம். மேலே வேறொரு சாலை, கீழே இவர்கள் போகிற சாலை. ஊரைச் சுற்றி வந்தாலும் இதன் அடியில்தான் போக வேண்டும், அதனால் தினமும் போகிற வழி. இதே பொக்லைனை ஏற்றிக்கொண்டு எத்தனை தடவை போயிருப்பார்கள் என்று கணக்கில்லை. பொக்லைனின் மடங்கிய கைக்கும் பாலத்தின் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கும். அது மூன்று பேருக்குமே தெரியும். தெரிந்ததாலேயே பாலத்தில் உயரம் எழுதி மாட்டியிருக்கும் பலகையை இவர்கள் பார்ப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

அத்தான் தற்செயலாகத் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். வழக்கமாக அந்தக் கண்ணாடிக்குள் அடங்கி நிற்கும் பொக்லைனின் முழங்கை, இன்றைக்கு மேல் விளிம்பைத் தாண்டி வெளியே நின்றது.

"மச்சான், நிறுத்து!"

தம்பிக்குப் புரியவில்லை. "என்ன அத்தான்..."

"நிறுத்துடா! இன்னும் தூக்கியே இருக்கு!"

கூடவே அத்தானின் கால் லாரியின் தரைத்தகட்டை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. பிரேக் தம்பியின் காலுக்கடியில்தான் இருந்தது. நல்லவேளை, அவனும் மிதித்தான். லாரி குலுங்கி, முனகி, நின்றது.

 அத்தான்தான் முதலில் இறங்கினார். அக்காவும் இறங்கிப் பார்த்தாள். லாரியின் மூக்கு பாலத்துக்கு அடியில் போயிருந்தது. பொக்லைனின் கை, பாலத்தின் இரும்புக்கு ஒரு ஆள் நீளம் இந்தப் பக்கம் நின்றது. நேராகப் பார்த்தால் இரும்பைவிடக் கை உயரம். ஒரு சாண் தூக்கிய வண்டிக்கு நாலு விரல் இடைவெளி எப்படிப் போதும்?

சர்க்கரை ஸ்கூட்டரை ஸ்டாண்டில்கூடப் போடாமல் ஓடி வந்தார். "தங்கச்சி, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி சீட்டிலேயே இருந்தான். ஸ்டியரிங்கை விட்டு அவன் கை வரவில்லை. அத்தான் படியில் ஏறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"மச்சான், அந்தப் பொத்தானை அழுத்து. முதல்ல கீழ இறக்கு."

அழுத்தினான். பொக்லைன் இறங்கிப் பழைய உயரத்தில் உட்கார்ந்தது.

"நான் எப்படி அத்தான் மறந்தேன்? இப்பதானே தூக்கினேன்!"

"நீ மட்டுமா? நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதானே இருந்தோம். இந்தப் பாலத்துல நமக்கு ஞாபகம் வச்சுக்க ஒண்ணுமே இருந்ததில்லையே மச்சான். நம்ம வண்டிக்கு இவ்வளவு நாளா ஒரே உயரம்தானே. கண்ணை மூடிட்டுப் போய்ப் பழகிட்டோம்."

பின்னால் வண்டிகள் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டார். நல்ல வார்த்தை இல்லை.

"எடு, போலாம்" என்றார் அத்தான்.

"என்னால முடியாது அத்தான். காலு உதறுது. பாருங்க."  "நீங்க எடுங்க."

அக்கா கல்லில் இருந்து எழுந்தாள்.  என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தாள். அன்றைக்குக் கேட்டில் பார்த்த அதே முகம் வரப்போகிறது என்று நினைத்தாள்.

ஆனால் அத்தான் அவளைப் பார்க்கவில்லை. பாலத்தைப் பார்த்தார். நடந்து போய் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். திரும்பி நடந்து வந்து பொக்லைனின் கையைப் பார்த்தார். சங்கிலியைத் தட்டினார். பிறகு, தண்ணீர்க் குழாயை மூடப் போகிறவர்போல அவ்வளவு சாதாரணமாக, "தள்ளி உட்காரு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

லாரி நத்தையாக நகர்ந்தது. ஹாரன்கள் கத்தின. அத்தானுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. மேலே நாலு விரல் இடைவெளியில் பொக்லைன் இரும்பைத் தாண்டி அந்தப் பக்கம் வெயிலுக்கு வந்தது. அக்கா பின்னாலேயே நடந்து வந்து ஏறிக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. பேசினால் அவருக்கு உறைத்துவிடும், இறங்கிவிடுவார் என்று பயம். சர்க்கரையின் கடை வரும்வரை இரண்டு உதடுகளையும் கடித்துக்கொண்டிருந்தாள்.

கடையில் நிறுத்தியதும் தம்பிக்குப் பேச்சு திரும்பிவிட்டது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே மறக்க மாட்டோம். பொத்தானையே முடிச்சிடலாமா அத்தான்?"

அத்தான் மூன்றாவது டிரெய்லரிடம் போனார். கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தார். முளையை உருவி, கையில் எடை பார்த்து, மறுபடி செருகினார்.

"இது."

"இதுவா? அத்தான், எல்லாரும் முன்னாடி போனா நீங்க பின்னாடி போறீங்களே! மேட்டுக்கு மேடு இறங்கி ஏறணும். மழை பெய்ஞ்சா?"

"குடை இருக்குல்ல?"

"விளையாடாதீங்க."

"விளையாடல மச்சான். பொத்தான் மேல ஒரு தப்பும் இல்ல. அது சொன்னதைச் செஞ்சுச்சு. நாமதான் இறக்கச் சொல்லல. இதுல நான் இறங்கணும். இறங்கினா சுத்தி ஒரு நடை நடப்பேன், மேலயும் கீழயும் பார்ப்பேன். சீட்டுல உட்கார்ந்துட்டு விரலால அழுத்தினா என் புத்தியும் சீட்டுலயே உட்கார்ந்துக்கும். எனக்கு இதுதான் ஒத்துவரும்."

அக்காவின் காதில் விழுந்தது ஒன்றுதான். காலையில் "ஓட்டப் போறவன்" என்று யாரையோ சொன்னவர், இப்போது "நான் இறங்கணும்" என்கிறார்.

சர்க்கரைக்கு ஆச்சரியம். "அதை யாருமே கேட்கறதில்ல சார். இறங்கி ஏற எல்லாருக்கும் சோம்பல். அதான் வெயில்ல நிக்குது."

"இதையும் ஏத்திப் பார்க்கணும்" என்றார் அத்தான்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

சர்க்கரை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி மாட்டி, மறுபடி ஏற்றி, மறுபடி சங்கிலி போட்டு, மறுபடி வாய்க்கால் பாலம்.

இந்தத் தடவை தம்பி லாரியில் ஏறவில்லை. பாலத்தின் உச்சியில் ரோட்டிலேயே குப்புறப் படுத்துக்கொண்டான். தளத்தின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. அத்தான் நடுத்துளையில் முளையைச் செருகிவிட்டு ஏறினார். அக்கா பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். வேண்டாத தெய்வம் இல்லை.

"வாங்க... வாங்க... அஞ்சு விரல்... வாங்க... மூணு... ரெண்டு... அத்தான், நில்லுங்க!"

நின்றது. அக்காவுக்கும் நெஞ்சு ஒருமுறை நின்றது. அத்தான் இறங்கி வந்தார். தம்பியின் பக்கத்தில் தானும் படுத்துப் பார்த்தார். மாமனும் மச்சானும் நடுரோட்டில் குப்புறப் படுத்துக் கிடப்பதைச் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் ரெண்டு விரல் இருந்துச்சு மச்சான். போயிடலாம்னு நினைச்சேன்" என்றார் அத்தான் மெதுவாக.

"அன்னிக்குத் தூக்க வழியில்ல அத்தான். இன்னிக்கு இருக்கு."

அத்தான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். கொஞ்சம் பின்னால் எடுத்து, கைப்பிடியைத் திருப்பி, முளையை மேல் துளைக்கு மாற்றினார். இந்த முறை தம்பியின் குரல் "நாலு"க்குக் கீழே இறங்கவே இல்லை. டிரெய்லர் முழுசாக அந்தப் பக்கம் இறங்கியது.

இறங்கின இடத்திலேயே அத்தான் ஓரம் கட்டினார். யாரும் சொல்லவில்லை. இறங்கினார், கைப்பிடியைத் திருப்பித் தளத்தை இறக்கினார், முளையைக் கீழ்த்துளையில் செருகினார், ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். அத்தான் கையைத் தூக்கி "இருங்க" என்றார். அவ்வளவுதான். பத்து நாள் முன்னால் ஷெட்டில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காத மனுஷன்!

இரும்புப் பாலத்துக்கு அடியிலும் போய் வந்தார்கள். சர்க்கரையிடம் பேசி முடித்தார்கள். டிரெய்லரைப் பொக்லைனோடு ஷெட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் நீளமாக விழுந்துகொண்டிருந்தது. அத்தான் புது டிரெய்லரின் அடியில் புகுந்து காற்றுப்பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ முணுமுணுப்பும் கேட்டது. பாட்டாக இருக்கலாம். அவர் பாடினால் பாட்டென்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"உதிரிபாகக் கடைக்குப் போகணும்னீங்களே?" என்று அக்கா குனிந்து கேட்டாள்.

"எந்தக் கடை?" என்று பதில் வந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஆபீசுக்குள் போனாள். அங்கே போன் அடித்துக்கொண்டிருந்தது. குவாரி முதலாளி.

"என்னம்மா, வண்டி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்க."

"டிரைவர்?"

காலையில் அவளுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அதை நினைத்து நினைத்துத்தான் நாள் முழுக்கக் கனத்துக்கொண்டிருந்தாள். இப்போது தானாக வந்தது.

"என் வீட்டுக்காரர்தான் ஓட்டுவார்."

"அவர் வேண்டாம்னு சொன்னேனேம்மா? நீங்களும் சரின்னீங்களே."

"ம்னு சொன்னேன். அதை இப்பத் திருப்பி எடுத்துக்கறேன். அவரைவிட நிதானமான டிரைவர் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க. எங்களுக்கும் கிடைக்க மாட்டாங்க. இஷ்டம் இருந்தா வேலை குடுங்க. இல்லேன்னா வேற வண்டி பாத்துக்கங்க."

முதலாளி "யோசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாசலில் தம்பி, கையில் கிரீஸ் துணியோடு, வாயைப் பிளந்து நின்றிருந்தான். "அக்கா! அவ்வளவு பெரிய வேலை! போயிடுச்சுன்னா?"

"போனா போகட்டும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது என்று. பசித்தது. நேற்றைக்குப் பிறகு இப்போதுதான் நன்றாகப் பசித்தது.

"என்ன சத்தம்?" என்று அத்தான் உள்ளே வந்தார். சட்டை முதுகு முழுக்க மண்.

அக்கா மறைக்கவில்லை. "குவாரிக்காரர். டிரைவர் யாருன்னு கேட்டார். நேத்து நீங்க வேண்டாம்னு சொன்னார். நான் பேசாம இருந்துட்டேன். இன்னிக்கு உங்களைத்தான் சொன்னேன்."

அத்தான் கோபப்படுவார் என்று தம்பி ஓரடி பின்வாங்கினான். "அவர் கேட்டது நியாயம்தானே" என்றார் அத்தான். "நானா இருந்தாலும் கேட்பேன்."

போன் மறுபடி அடித்தது. அதே எண். அக்கா கையை நீட்டினாள். அதற்குள் அத்தான் கையை வேட்டியில் துடைத்துவிட்டு எடுத்துவிட்டார்.

"நான்தாங்க பேசுறேன். ஆமாங்க, அவங்க வீட்டுக்காரர்." அந்தப் பக்கம் முதலாளி நீளமாக ஏதோ பேசினார். அத்தான் பொறுமையாகக் கேட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை.

"சரிங்க" என்றார் கடைசியில். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். வழி எதுன்னு சொல்லுங்க."

பதில் வந்தது. அத்தானின் கை போனை ஒருமுறை இறுக்கிப் பிடித்தது. எந்த வழி என்று தம்பிக்கும் அக்காவுக்கும் சொல்லாமலே தெரிந்துவிட்டது. குவாரிக்குப் போக அந்த ரயில்வே கேட்டை விட்டால் வேறு வழி இல்லை.

"காலையில நானும் மச்சானும் அங்க போய் நடந்து பார்க்கிறோம்" என்றார் அத்தான். "படுத்தும் பார்க்கிறோம். பார்த்துட்டு, முடியும்னா முடியும்னு சொல்றேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, "பசிக்குது, ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.